பக்கத்து சீட்டின் பிரேக்

வீட்டில் அவளுக்குப் பெயர் அகராதி. வைத்தவர் கணவர். மொழிபெயர்ப்பாளர் என்பதால் பாதி, எதைச் சொன்னாலும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பவள் என்பதால் மீதி. "அகராதி பிடிச்சவளைக் கட்டிக்கிட்டா ஒரு வசதி, ஆயுசு பூரா அர்த்தம் கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவரை அவள் மாஸ்டர் என்று கூப்பிட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர்தான். அவர்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பயிற்சிக் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அதைத் தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டே இருப்பார்கள். இவர் மிதிக்க மாட்டார். "நான் மிதிச்சா, நீ ஓட்டலைன்னு அர்த்தம். அந்த அவமானம் கைக்கு ஏறிடுச்சுன்னா அப்புறம் ஸ்டியரிங் நேரா நிக்காது" என்பார். அவர் கால் மட்டும் பிரேக்கின் மேல் பட்டும் படாமலும் நின்றிருக்கும். உயிருக்கே ஆபத்து என்றால்தான் இறங்கும்.

டெஸ்ட்டில் அவள் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறைக்கு முந்தின நாள், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "நாளைக்குப் பாஸாயிட்டீங்கன்னா அப்புறம் வர மாட்டீங்க இல்ல?"

"அதுக்குத்தானே மாஸ்டர் ரெண்டு தடவை ஃபெயிலானேன்" என்றாள் அவள்.

அப்படி ஆரம்பித்தது. பெற்றோர் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன். ஆடிட்டர். பெண் கேட்டு வந்த மாஸ்டரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே வந்து தங்கையிடம் சொன்னார். "ஆளு தங்கமா இருக்கலாம்மா. ஒரு தகுதி வேணாமா?" மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கதவு திறந்திருந்தது. அவள் வெளியே வந்தபோது மாஸ்டர் கையில் காப்பி அப்படியே இருந்தது. ஆடை படிந்த பிறகு, ஒரே மடக்கில் அதைக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார்.

கல்யாணம் நடந்தது. அண்ணனும் வந்தார், நின்றார், செய்தார். பின்னாளில் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சீட்டு ஆடுகிற அளவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு சொல்லுக்கு மட்டும் அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று. தொலைக்காட்சியில் தகுதிச் சுற்று என்று சொன்னால்கூட அவர் சேனலை மாற்றுவார். அவள் அதைக் கவனிக்காதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

டிரைவிங் ஸ்கூலின் முதலாளிக்கு வயதாகிவிட்டது. "வெளியாளுக்குக் குடுக்க மனசில்ல மாஸ்டர். கட்டி இழுத்தது நீங்க. அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன், நீங்களே எடுத்துக்கங்க" என்று அவர் சொன்ன நாளில், மாஸ்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார். இருவரும் சேமித்தது முக்கால்வாசி இருந்தது. மீதியைத்தான் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. பலகையில் என்ன பெயர் போடுவது என்பதில் மட்டும் அன்றைக்கே சண்டை வந்துவிட்டது. அகராதி டிரைவிங் ஸ்கூல் என்று போடுவேன் என்றார் அவர். போட்டால் ஒரு பிள்ளையும் வராது என்றாள் அவள்.

மீதிக்கு வழி சொன்னது ஒரு வங்கிப் பெண். அவளும் மாஸ்டரிடம் படித்தவள்தான்; ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாளாம். இப்போது வங்கியில் முதலீட்டுப் பிரிவில் இருந்தாள். "டெபாசிட்ல கிடந்தா எப்ப சேர்றது மாஸ்டர்? இது வேற மாதிரி ஃபண்டு. பெரிய பெரிய கிடங்கு வாங்கி வாடகைக்கு விடுவாங்க, கம்பெனிகளுக்குக் கடன் குடுப்பாங்க. முன்னாடியெல்லாம் கோடீஸ்வரங்களுக்கு மட்டும்தான். இப்பத்தான் தனி ஆளுங்களையும் விடுறாங்க. அதுவும் எல்லாரையும் இல்ல. கேள்வித்தாள் குடுப்பாங்க. அதுல தேறினாத்தான் தகுதிபெற்ற முதலீட்டாளர்." என் அம்மாவுக்கும் போட்டிருக்கேன் என்றாளாம். அது உண்மை.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். கிடங்கு, கடன், வருமானம் எல்லாம் அரைகுறையாக. கடைசி இரண்டு சொற்களை மட்டும் பிசகாமல் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். பால்கனியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மாஸ்டர் குளித்து, தலை வாரி, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் என்று எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: பாஸ் பண்ண வேண்டியது. எத்தனை நடுங்குகிற கைகளைப் பாஸ் பண்ண வைத்தவர். சாலைக் குறிகளை உருப்போட வைக்கிற மாதிரி, வங்கிப் பெண் தந்த மாதிரிக் கேள்விகளையும் உருப்போட்டுவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தார். அந்தக் கேள்விகள் ஆளைத் தேறச் செய்வதற்காக வைத்தவை அல்ல, தடுப்பதற்காக வைத்தவை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் வேலை பார்த்தது முதலீடுகளை மேற்பார்வை பார்க்கிற அரசு ஆணையத்தில். விதிகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்குவதுதான் அவள் தொழில்.

"நீர்மைத்தன்மை குறைவுன்னா என்ன, சொல்லுங்க."

"தண்ணி கம்மி."

"மாஸ்டர்."

"சரி சரி. கேட்டப்போ பணம் கைக்கு வராது."

"பன்முகப்படுத்தல்?"

"எல்லாத்தையும் ஒரே பையில போடாம நாலு பையில போடுறது."

"நீங்க எத்தனை பையில போடப்போறீங்க?"

"கேள்வித்தாள்ல அது இருக்கா?"

"இல்ல."

"அப்ப சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத."

அவள் சிரித்தாள். அவருக்கு இவ்வளவு சுலபமாகச் சொற்கள் பிடிபடும் என்று அவள் நினைத்ததில்லை. விளக்க விளக்க அவர் முகம் விரிந்துகொண்டே போயிற்று. ஒரு கேள்வி வந்தது: நீங்கள் போடும் பணம் முழுவதும் சில காலம் கைக்குக் கிடைக்காமல் போனால் உங்கள் வாழ்க்கைத் திட்டங்கள் பாதிக்கப்படுமா?

"பாதிக்காது" என்றார் மாஸ்டர், பட்டென்று. அதற்குத்தான் மார்க் என்று அவருக்குத் தெரியும்.

அவள் பென்சிலை எடுத்தாள், நிறுத்தினாள். ஸ்கூல் அந்தப் பணம்தான். அந்தப் பணம்தான் ஸ்கூல். பாதிக்கும் மாஸ்டர், இது வேணாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் வாய் திறந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எதிரே அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு முந்தைய காப்பி டம்ளரை அப்போதுதான் கீழே வைத்தவர் மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"சரி" என்று அவள் டிக் அடித்தாள்.

வங்கியில் எழுதிய கேள்வித்தாளில் முழு மார்க். மறுவாரம் செல்பேசியில் செய்தி வந்தது. வாழ்த்துகள், நீங்கள் தகுதிபெற்ற முதலீட்டாளர். அவர் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "உங்க அண்ணனுக்கு அனுப்பலாமா?" என்றார்.

"அனுப்புங்களேன்."

"வேணாம் வேணாம். பாவம், வயசானவரு" என்று சிரித்தார். அன்றைக்கு இரண்டு பேரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது தங்களுடைய சின்னக் காரை அவள்தான் ஓட்டினாள். எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். அவருக்குப் பக்கத்து சீட்தான் பழக்கம். அங்கே பிரேக் கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கால் தரையை மெல்ல மிதிக்கும். அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "இல்லாத பிரேக்கை மிதிச்சே விரிப்பைத் தின்னுட்டீங்க" என்று அவள் கேலி செய்வாள். "நீ ஓட்டுற லட்சணத்துக்கு விரிப்போட போச்சேன்னு சந்தோஷப்படு" என்பார் அவர்.

முதல் வருஷம் பணம் ஒழுங்காக வந்தது. அடுத்த வருஷம் நடுவில், ஸ்கூலுக்காகப் பணத்தை எடுக்கப் போனவரிடம் வங்கிப் பெண் தலை நிமிராமல் சொன்னாள். "கேட் போட்டிருக்காங்க மாஸ்டர்."

"எந்த கேட்டு? ரயில்வே கேட்டா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தைத் திருப்பிக் கேட்டா, ஃபண்டை மூடி வைப்பாங்க. கிடங்கை வித்துத்தானே குடுக்கணும். எப்ப திறப்பாங்கன்னு..." அவள் முடிக்கவில்லை. அவளுடைய அம்மாவின் பணமும் அதே கேட்டுக்குப் பின்னால்தான் இருந்தது.

"ரயில்வே கேட்டுன்னா ரயில் போனதும் திறந்திருவான்" என்று சொல்லிவிட்டு வந்தார் மாஸ்டர். வீட்டில் அதையே வேடிக்கையாகச் சொன்னார். ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதம் போயிற்று. காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "என்ன அகராதி, ரயில் இன்னும் போகலையாமா?" என்று கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

முதலாளி காத்திருந்து பார்த்தார். அவருக்கும் மருத்துவச் செலவு கழுத்தைப் பிடித்தது. வருஷக் கடைசியில் ஸ்கூலை வேறு ஒருவர் வாங்கினார். கணினித் திரையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெரிய நிறுவனம் வைத்திருப்பவர். மாஸ்டரை வேலையை விட்டு எடுக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிக்குக் கீழே பிரேக் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, சண்டைக்கான குரலே இல்லாமல் கேட்டார்.

"பக்கத்து சீட்ல நீதானே இருந்தே?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"ஒரு தடவை மிதிச்சிருக்கலாமே அகராதி."

"நீங்க அவமானமா நெனைப்பீங்கன்னுதான்..."

"நெனைச்சிருப்பேன்" என்றார் அவர். "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே." டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. பேசவேண்டியதைப் பேசினார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் சொட்டுகிறது, விடுதியில் படிக்கிற மகள் போன் பண்ணினாள். அகராதி என்ற பெயரை மட்டும் அவர் எங்கேயோ வைத்துவிட்டார்.

அந்த ஒரு ஃபண்டால் மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படி ஆகியிருந்தது. ஆணையத்துக்குப் புகார்கள் குவிந்தன. சிக்கலான நிதியங்களில் தனிநபர்களை விடலாமா என்று அலுவலகம் இரண்டாகப் பிரிந்து பேசியது. "வளர்ந்த மனுஷங்க, அவங்க பணம், அவங்க முடிவு. நாம என்ன அவங்க அப்பா அம்மாவா?" என்றது ஒரு மேசை. "புரியாம மாட்டிக்கிட்டு நம்ம வாசல்லதானே வந்து நிக்கிறாங்க?" என்றது இன்னொரு மேசை. கடைசியில் ஒரு வரைவு தயாரானது. இவ்வளவு சொத்துக்கு மேல் உள்ளவர்களை மட்டும் அனுமதிப்பது, மற்றவர்களைத் தடுப்பது. அதைப் பொதுமக்கள் கருத்துக்காகத் தமிழில் தரும் வேலை அவளிடம் வந்தது.

அவசர வேலை. மூலத்தில் ஒரு ஆங்கிலச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. பட்டியலில் இடம்பெறாதவர் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை. எப்போதோ தானே தொகுத்த அலுவலகச் சொற்பட்டியலைத் திறந்தாள், அதில் இருந்ததைப் போட்டாள். தகுதியற்ற முதலீட்டாளர். தகுதியற்றவர். ஒரு தடவை இல்லை, வரைவு முழுக்க. விசைப்பலகையில் அவள் விரல்கள் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அந்தச் சமயத்தில் தனக்கு எதுவுமே உறைக்கவில்லை என்பதுதான் பிறகு அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பொது விசாரணை ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. மேடையில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். தலைவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். மேடையில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. தமிழில் பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வது அவள் வேலை. அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்பதெல்லாம் கூடாது. பேசுகிறவர் நான் என்றால் மொழிபெயர்ப்பாளரும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவள் ஓய்வுபெற்ற செவிலியாகவும், மனைவியை இழந்த கடைக்காரராகவும், மகனிடம் சொல்லப் பயந்த ஒரு தாயாகவும் இருந்து முடித்திருந்தாள்.

அடுத்தவர் என்று அழைத்தார்கள். மாஸ்டர் எழுந்து வந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை. தலை அன்றைக்குப் போலவே வாரியிருந்தது. அவள் மேடைப் பக்கம் திரும்பி, இவர் என் கணவர் என்று சொன்னாள். தலைவர் அவரிடம், வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அவள்தான் அவருக்குத் தமிழில் சொன்னாள்.

"வேணாங்கம்மா" என்றார் மாஸ்டர். "இவங்களை விடச் சரியா சொல்ல ஆளில்ல."

இவங்க. திருமணத்துக்குப் பிறகு அவர் அவளை மரியாதை வைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவன். ஒரு ஸ்கூல் வாங்கச் சேத்த பணத்தை இந்த ஃபண்டுல போட்டேன். கேட்டை மூடிட்டாங்க. ஸ்கூல் கைமாறிடுச்சு."

அவள் சொன்னாள். நான் டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவன். என் பணத்தைப் போட்டேன். என் ஸ்கூல் போய்விட்டது.

"என்னை மாதிரி ஆளை உள்ள விடக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. சரிதான். அன்னைக்கே விடாம இருந்திருந்தா ஸ்கூல் இன்னைக்கு என்னோடது. அதுல எனக்கு வழக்கில்ல. ஆனா உங்க தமிழ் வரைவுல ஒரு வார்த்தை இருக்கு. தகுதியற்றவர்."

அவள் நின்றாள். மூலத்தில் இருந்த அந்தச் சாதுவான ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிடலாம். சொன்னால் ஒருவருக்கும் வலிக்காது. அவர் ஏன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார் என்பதும் ஒருவருக்கும் புரியாது. அவள் வேறு சொல்லை எடுத்தாள். அருகதை கெட்டவன் என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு உள்ள சொல்.

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். எங்கள் வரைவில் அப்படி ஒரு சொல்லே இல்லையே என்றார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"தமிழ்ல இருக்குங்கம்மா" என்றார் மாஸ்டர்.

அதையும் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"என் மச்சானும் இதே ஃபண்டுல போட்டாரு. ஆடிட்டர். அவருக்கும் போச்சு, ஆனா அவருக்கு வேற இருக்கு. உங்க கணக்குப்படி அவரு தகுதியானவரு. நான் இல்லாதவன். ரெண்டு பேரும் ஏமாந்தது ஒரே இடத்துலங்க."

அண்ணனும் போட்டிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. தெரியாத அதிர்ச்சியையும் விழுங்கிக்கொண்டு அவள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் உங்களைத் தடுக்கலாமா, கூடாதா என்று கேட்டார் தலைவர்.

"தடுங்க. இருக்கிறதையெல்லாம் ஒரே இடத்துல கொட்ட விடாதீங்க. அதை யாரு செஞ்சாலும் தடுங்க. ஆளைப் பாத்துத் தடுக்காதீங்க. வேகத்துக்கு வரம்பு போடுறோம். காரு விலையைப் பாத்தா போடுறோம்?"

ஓரத்தில் இருந்த இளைய உறுப்பினர் குறுக்கிட்டார். கேள்வித்தாளில் நீங்கள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதில்களை விற்றவர்கள் சொல்லித் தந்தார்களா, வேறு யாராவது சொல்லித் தந்தார்களா? இது எங்களுக்கு முக்கியம்.

அவள் தமிழில் கேட்டாள். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பால்கனியும், துணிகளும், தண்ணி கம்மி என்று அவர் சொன்னதும் எல்லாம் அங்கே வந்து நின்றன. ஆணையத்து ஊழியை அவள். அவர் உண்மையைச் சொன்னால் அவள் அந்தக் கூடத்தை விட்டு வேலையோடு வெளியே போக முடியாது.

"யாரும் இல்லைங்க" என்றார் மாஸ்டர். "நான் தனியாத்தான் படிச்சேன்."

தலைவர் அவளைப் பார்த்தார். உறுப்பினர் பேனாவோடு காத்திருந்தார். நான் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவள் வாயைத் திறந்தாள். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு, யாரும் இல்லை, நான் தனியாகத்தான் இருந்தேன் என்று சொன்னாள். அவர் படித்தேன் என்றார், அவள் இருந்தேன் என்றாள். அத்தனை வருஷ வேலையில் அவள் தெரிந்து செய்த பிழை அது ஒன்றுதான். யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் அவள் வெளியே வந்தபோது, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் தங்களுடைய சின்னக் காரில் சாய்ந்தபடி அவர் நின்றிருந்தார். சாவி அவளிடம் இருந்தது. கதவைத் திறந்தாள். அவர் வழக்கம் போலப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி தெருவுக்கு வந்தது.

"ஏன் மாஸ்டர் பொய் சொன்னீங்க?"

"உன் வேலையும் போனா வாடகையை யாரு குடுக்கிறது?"

"வாடகைக்காகவா?"

ஒரு பேருந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"அந்த வார்த்தை நான் போட்டது" என்றாள் அவள்.

"தெரியும்."

"எப்படி?"

"இல்லாதன்னு எழுதாம அற்றன்னு எழுதுறது உங்க ஆபீஸ்ல நீ ஒருத்திதான். இருபது வருஷமா நீ எழுதினதை எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு வர்றேன். உன் கையெழுத்து எனக்கு அச்சுலகூடத் தெரியும்."

அவளுக்கு முன்னால் சாலை கலங்கிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் ஏன் வீட்டுல சொல்லல? அங்க வந்து, எல்லாருக்கும் முன்னாடி..."

"வீட்டுல சொன்னா நீ ஒரு அர்த்தம் சொல்லுவே. சொற்பட்டியல்ல அப்படித்தான் இருக்கும்பே. சமாதானமாப் போயிடும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அங்க சொன்னா நீ திருப்பிச் சொல்லியே ஆகணும் இல்ல? நான்னு. எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது உனக்குத் தெரியட்டும்னுதான்."

தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்வதற்கு அவளிடம் எந்த மொழியிலும் ஒன்றும் இல்லை.

"மாத்திடுறேன். இறுதி வரைவுல அந்த வார்த்தை இருக்காது."

"மாத்து. அடுத்து வர்றவனுக்காவது நல்லாயிருக்கும்." பிறகு, கேஸ் தீர்ந்ததைச் சொல்கிற அதே குரலில், "சரக்கு லாரிக் கம்பெனி ஒண்ணுல ஆள் எடுக்கிறாங்க. வெளியூர். புது டிரைவருங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். தங்க ரூம் தர்றாங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"கேட் திறக்கிற வரைக்கும்."

எந்த கேட் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

முன்னால் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. அவள் கவனம் எங்கேயோ இருந்தது. வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு விழுந்த பிறகுதான் பார்த்தாள். பதறிப்போய்த் தன் பிரேக்கை அழுத்தினாள். வண்டி குலுங்கிக் கோட்டைத் தாண்டி நின்றது. பழக்கத்தில் அவள் பார்வை பக்கத்து சீட்டின் கீழே போயிற்று, இல்லாத பிரேக்கை மிதித்திருக்கும் அந்தக் காலைத் தேடி.

அவர் இரண்டு கால்களையும் உள்ளே இழுத்து, சீட்டுக்கடியில் மடக்கி வைத்திருந்தார். ரப்பர் விரிப்பில் தேய்ந்துபோன ஓட்டை, முதல் தடவையாக, முழுசாகத் தெரிந்தது.

"பச்சை விழுந்திருச்சு" என்றார் அவர். "போ."